ரோசவுராவின் காதுப் பட்டாணி

மெக்சிகோவின் மலைச்சரிவில், பஸ் ஏறி வருகிறவர்களுக்குக் காது அடைத்துப்போகிற உயரத்தில் இருக்கிற சான் பர்த்தோலோ ஊரில், கல்லறைத் திருநாள் முடிந்த மறுநாள் காலை, செத்தவர்களெல்லாம் படையல் ரொட்டியை முகர்ந்துவிட்டு, பிள்ளைகளின் தலையைத் தடவிவிட்டு, வழிநெடுகத் தூவியிருந்த செண்டுப்பூ இதழ்களை மிதித்துக்கொண்டு கல்லறைத் தோட்டத்துக்குத் திரும்பிப் போன பிறகு, போகாமல் தெருவில் மிச்சம் நின்றவர்கள் ஏழெட்டுப் பெண்கள். ஏழெட்டுப் பேருக்கும் ஒரே முகம். அந்த முகத்தின் சொந்தக்காரி ஒத்தீலியா, டிவி நடிகை, அப்போது தன் வீட்டு வாசலில் உயிரோடு நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவர்களும் போகத்தான் பார்த்தார்கள். கல்லறைத் தோட்டத்து வாசலில் காவல்காரர் மறித்தார்.

"பேரு?"

"ரோசவுரா."

"எந்த வரிசை?"

ஈரத் தலையோடு நின்ற அந்தப் பெண் தலையை இடப்பக்கம் சாய்த்து, யாரோ எடுத்துக்கொடுக்கக் காத்திருப்பதுபோல் காத்திருந்து, "பரவாயில்லைங்க" என்றாள்.

"பரவாயில்லைன்னு ஒரு வரிசை இங்க இல்லம்மா. குழி இல்லாதவங்களை நான் எங்க படுக்க வைக்கிறது? வந்த வீட்டுக்கே போங்க."

தப்பு ஊர்க்காரர்களுடையது. நவம்பர் பிறந்தால் அங்கே வீட்டுக்கு வீடு படையல். செத்தவரின் போட்டோ, மெழுகுதிரி, அவருக்குப் பிடித்த சாப்பாடு, அவர் விட்டுப்போன செருப்பு. அந்த வருஷம் பேக்கரிக்காரர் ஃபவுஸ்தீனோவின் மனைவி, மாமியார் போட்டோவுக்குப் பக்கத்தில், பத்திரிகையிலிருந்து வெட்டிய ரோசவுராவின் படத்தையும் வைத்தாள். சீரியலில் மழையில் நனைந்து செத்துப்போன வேலைக்காரி ரோசவுரா. "மாமியார் செத்தப்ப எனக்கு ஒரு சொட்டு வரல, ரோசவுரா செத்தப்ப ஒரு துண்டு நனைஞ்சது, அப்ப யாருக்கு முதல்ல மெழுகுதிரி ஏத்தணும், நீங்களே சொல்லுங்க" என்றாள். நியாயமாகத்தான் பட்டது. அடுத்த வீட்டில் கண்ணில்லாத பூக்காரி கந்தெலாரியாவுக்கு ஒரு படம் வந்தது. அதற்கடுத்த வீட்டில் பள்ளத்தில் தள்ளப்பட்ட மூத்த மருமகளுக்கு. காசநோயில் போன பாட்டுக்காரிக்கு. பிறக்காதவளுக்கு ஆன்மா கிடையாது என்று ஞாயிற்றுக்கிழமை பிரசங்கத்தில் மேடையைக் குத்திக் குத்திச் சொன்ன பாதர் அனசேத்தோகூட, சமையலறையில் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து, கொள்ளைநோய் வார்டில் உயிர்விட்ட கன்னியாஸ்திரி பியதாத்துக்கு ஒரு கிண்ணம் சூடான சாக்லேட் வைத்திருந்தார். அவளும் வந்துவிட்டாள். கூப்பிட்டால் வரமாட்டார்களா?

இவர்கள் எல்லோரையும் நடித்தவள் ஒத்தீலியா. நடித்தவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நான் இன்னும் சாகலையே, அதுக்குள்ள என் படத்துக்கு எதுக்குப் படையல்?" என்று அவள் பேக்கரி வாசலில் நின்று கத்தினாள்.

"உன் படமா வச்சோம்? ரோசவுரா படம்ல வச்சோம்!" என்று ஃபவுஸ்தீனோவின் மனைவி ரொட்டித் தட்டை நீட்டிக்கொண்டே கோபித்துக்கொண்டாள். "உனக்கு எதுக்குப் பொறாமை?"

பொறாமை! ஒத்தீலியா வீட்டுக்கு வந்தாள். ஏழெட்டுப் பேரும் வாசலில் வரிசையாக நின்றிருந்தார்கள்; ரோசவுராவின் கூந்தலிலிருந்து எந்தக் காலத்து மழையோ இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. வேறென்ன செய்ய முடியும்? "காலைத் துடைச்சிட்டு உள்ள வாங்க, பீன்ஸ் இருக்கு" என்றாள்.

ஒத்தீலியாவின் கதையைச் சொல்வதென்றால் எதிர்சாரியில் இருக்கிற மக்காச்சோள மில்லிலிருந்து தொடங்க வேண்டும். மில் அவள் அம்மா பெர்பெத்துவாவுடையது. மாவு அரைக்க வாளியோடு ஊரே வரிசையில் நிற்கும், வரிசையில் நிற்கிற ஊரையே சிறுமி ஒத்தீலியா ஆளாளின் குரலைப் பேசிக்காட்டி ஓட ஓட விரட்டுவாள்: மேயர் மனைவியின் மூக்குக் குரல், தந்தி ஆபீஸ்காரரின் இருமல், ஃபவுஸ்தீனோ கடன் கேட்பவர்களிடம் மட்டும் பேசுகிற ஏசுநாதர் குரல், வான்கோழி, வான்கோழியை விரட்டுகிற பெர்பெத்துவா, எல்லாம். அவளுக்குப் பதினைந்து நடக்கும்போது பாதர் அனசேத்தோ மதியத் தூக்கத்தில் இருந்த நேரம் பார்த்துப் பாவசங்கீர்த்தனக் கூண்டுக்குள் புகுந்துகொண்டாள். பாவம் சொல்ல வந்த மேயரிடம், பாதரின் அதே தொண்டைச் செருமலோடு, "மகனே, உன் பாவத்துக்கு ஒரே பரிகாரம், சந்தை நடுவில் போய்க் கழுதையின் காலில் விழுந்து மன்னிப்புக் கேள்" என்றாள். மேயர் போய் விழுந்தார். கழுதை மன்னித்ததா என்று ஊரில் இன்றைக்கும் சண்டை நடக்கிறது.

அந்தச் சந்தையில் சிரித்துக்கொண்டு நின்ற வெளியூர்க்காரர் ஒருவர் இருந்தார். டிவி டைரக்டர் எவெரார்தோ. ஒரு கதாநாயகி விழுவதற்கு நல்ல பள்ளமாகத் தேடி வந்தவர். இது யார் வேலை என்று விசாரித்துக் கண்டுபிடித்து, "என்ன குரல், என்ன குரல்! இந்தக் குரலை நாடே கேட்கணும்!" என்று பெர்பெத்துவாவின் கையைப் பிடித்து முத்தமிட்டு, பெண்ணைத் தலைநகருக்கு அழைத்துக்கொண்டு போனார். போய் இறங்கிய முதல் நாள் ஸ்டூடியோவில் அவள் இடது காதுக்குள் தோல் நிறத்தில் ஒரு பொத்தானைச் செருகி, "இனிமே உன் குரலெல்லாம் வேண்டாம் கண்ணு. இதுல வர்றதைச் சொல்லு, போதும்" என்றார்.

அங்கே எல்லோரும் அதைப் பட்டாணி என்றுதான் சொல்வார்கள். தினம் ஒரு எபிசோடு எடுக்கிற இடத்தில் வசனம் மனப்பாடம் செய்ய யாருக்கு நேரம்? கண்ணாடி அறைக்குள் செலரீனோ என்று ஒருவர், நிரந்தர ஜலதோஷத்தோடு, மைக் முன்னால் உட்கார்ந்து வாசித்துக்கொண்டே போவார்: "ரோசவுரா: ஐயோ சின்னய்யா. அழு. லியாந்த்ரோ: நீயா ரோசவுரா. திரும்பு. ரோசவுரா: நான்தாங்க. இன்னும் அழு." எல்லார் காதிலும் அதே பட்டாணி, அதே மூக்கடைத்த குரல், பேர் சொன்னால் அந்தப் பேர்க்காரர் வாயைத் திறக்க வேண்டும், பேர் சொல்லாமல் வந்தால் எல்லோருமே செய்ய வேண்டும். ஒரு தடவை செலரீனோ தும்மியபோது கல்யாண வீட்டுக் காட்சியில் மாப்பிள்ளை, பெண், பாதிரியார், பெரிய வீட்டம்மாள் அத்தனை பேரும் சேர்ந்து தும்மினார்கள். அது அப்படியே ஒளிபரப்பாகி, அந்த வாரம் நாடு முழுக்கக் கல்யாணங்களில் தும்மினார்கள்.

இப்படித்தான் ஒத்தீலியா அழத் தொடங்கினாள். வேலைக்காரியாக அழுதாள், பூக்காரியாக அழுதாள், கன்னியாஸ்திரியாக, மருமகளாக, நிரபராதிக் கைதியாக அழுதாள். அழுது முடித்ததும் செத்தாள். சாகிறதற்கு முன்னால், மறக்காமல், தன்னைக் கொன்றவனை மன்னித்தாள். மன்னிக்காமல் ஒரு எபிசோடும் முடியாது. மழையில் நிறுத்தியவனை மன்னித்தாள், பள்ளத்தில் தள்ளியவனை விழுந்துகொண்டே மன்னித்தாள். 'சின்னய்யா, உங்களை நான் மன்னிச்சிட்டேன்' என்று அவள் சொல்லும்போது தேசமே துண்டை எடுக்கும்.

"சார், எனக்கு ஒரு காமெடி வேஷம் குடுங்க. நான் எல்லார் மாதிரியும் பேசுவேன், உங்க மாதிரிகூட" என்று அவள் எத்தனையோ தடவை கேட்டாள்.

"ஒத்தீலியாக் கண்ணு," எவெரார்தோ சுருட்டை ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு மாற்றுவார், "சிரிக்கிற பொம்பளையை எவன் குடும்பமா உக்காந்து பாப்பான்? உன் மூஞ்சி அழத்தான் செஞ்சது. கடவுளோட காஸ்டிங். நான் யாரு மாத்த?"

அப்புறம் அவளுக்கு முப்பத்தாறு வயதானது. அவ்வளவுதான். வேறொரு குற்றமும் செய்யவில்லை. முன்பு அவளை மழையில் நிறுத்திச் சாகடித்த சின்னய்யா லியாந்த்ரோ, அவளைவிட ஒன்பது வயது மூத்தவன், தலைக்குச் சாயம் பூசிக்கொண்டு இன்னும் சின்னய்யாவாகவே இருந்தான். அவளுக்கு அவனுடைய அம்மா வேஷம் கொடுத்தார்கள். அவன் வந்து அவள் மடியில் தலைவைத்து "அம்மா!" என்பான், மடியெல்லாம் கறுப்புச் சாயம் ஒட்டிக்கொள்ளும். அடுத்த சீரியலில் கோமாவில் கிடக்கிற மாமியார், ஒரு வருஷம் முழுக்க மூக்கில் குழாயோடு கண்ணை மூடிப் படுத்திருந்தாள், காதில் பட்டாணி மட்டும் விடாமல் "ஒத்தீலியா: அசையாதே. ஒத்தீலியா: அசையாதே" என்று சொல்லிக்கொண்டே இருந்தது. கோமா முடிந்ததும் பெட்டியை எடுத்துக்கொண்டு ஊருக்கு வந்துவிட்டாள். வந்த வருஷம்தான் இந்தப் படையல்.

சான் பர்த்தோலோ தன் புதுப் பெண்களோடு பழகிக்கொள்ள ஒரு வாரம்கூட எடுக்கவில்லை. ரோசவுரா விடியும் முன்னே எழுந்து வீட்டைப் பெருக்கினாள். வீடு முடிந்ததும் தெருவைப் பெருக்கினாள். அவளை எழுதியவன் அப்படி எழுதியிருந்தான். அதைப் பார்த்த பக்கத்துவீட்டுக்காரி, "ரோசவுரா கண்ணு, இந்த ரெண்டு துணியையும் அலசிப் போட்டுடேன்" என்றாள். "சரிங்கம்மா" என்றாள் ரோசவுரா. மறுநாள் தெருவே துணி மூட்டையோடு வாசலில் நின்றது. கண்ணில்லாத கந்தெலாரியாவிடம் பூ வாங்கிக்கொண்டு எல்லோரும் நாளைக்குத் தருகிறேன் என்றார்கள். எல்லா நாளைக்கும் அவள் சிரித்த முகமாகத் தலையசைத்தாள். கன்னியாஸ்திரி பியதாத் ஊரில் படுத்த படுக்கையாகக் கிடந்தவர்களையெல்லாம் துடைத்துவிட்டாள். அந்த வருஷம் படுக்கையில் விழுந்தவர்கள் எண்ணிக்கை என்னவோ கூடித்தான் போனது. யாரும் கூலி கேட்கவில்லை, யாரும் அலுத்துக்கொள்ளவில்லை, ஏதாவது வசவு விழுந்தால் தலையை இடப்பக்கம் சாய்த்துக் கொஞ்சம் காத்திருந்து, "மன்னிச்சிட்டேன்" என்றார்கள். ஊர் நன்றியோடு மன்னிப்பை வாங்கிக்கொண்டு மறுபடி வைதது.

எல்லாவற்றையும்விட ஒத்தீலியாவின் வயிற்றெரிச்சலைக் கிளப்பியவள் பெற்ற தாய்தான். "செத்தவளுக்கு இருக்கிற அடக்கம் உயிரோட இருக்கிறவளுக்கு இல்லையே, ஆண்டவரே" என்று பெர்பெத்துவா மில் பெல்ட்டுக்கு மேலே கேட்கிற மாதிரி பெருமூச்சு விட்டாள். "இந்த ரோசவுராவைப் பாரு. எதுத்து ஒரு வார்த்தை வருதா? இவளையே பெத்திருக்கலாம்."

"இவளை நான்தானம்மா நடிச்சேன்!"

"நடிச்சே, சரி. கத்துக்கிட்டியா?"

ஒத்தீலியா அன்று சாயங்காலம் ரோசவுராவை நாற்காலியில் உட்காரவைத்து ஈரத் தலையைத் துவட்டினாள். துவட்டத் துவட்ட நனைந்தது. முகம் அவளுடைய இருபத்திரண்டு வயது முகம்; நெற்றியில் அம்மைத் தழும்புகூட மேக்கப்பில் மறைத்தபடியே. இடது காது மடலைத் தள்ளிப் பார்த்தாள். உள்ளே பட்டாணி அப்படியே இருந்தது. காதை வைத்துக் கேட்டாள், ஊமையாக இருந்தது. பேசுவார் இல்லாமல் பட்டாணி அவிந்துபோனதால்தான் இவள் பழைய வசனத்தையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"உனக்கு என்னடி வேணும்?" என்று கேட்டாள்.

ரோசவுரா தலையைச் சாய்த்தாள். நெடுநேரம் காத்திருந்தாள். "பரவாயில்லைங்க."

சமாச்சாரம் தலைநகருக்குப் போக எவ்வளவு நேரம் ஆகும்? எவெரார்தோ வெள்ளைக் காரில் வந்து இறங்கினார்; பின்னால் வக்கீல், அதற்குப் பின்னால் ஒரு பூங்கொத்து. பூங்கொத்து ரோசவுராவுக்கு. அவள் முகத்தை மோவாயைப் பிடித்துத் தூக்கி, வெளிச்சத்தில் இப்படியும் அப்படியும் திருப்பிச் சந்தையில் ஆட்டின் பல்லைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்.

"ஒரு கோடு இல்ல! ஒரு சுருக்கம் இல்ல! அதே இருபத்திரண்டு! ஒத்தீலியா, நீ பெருமைப்படணும். பழைய சீரியலைத் திரும்ப எடுக்கிறோம். உன் மூஞ்சிதான் ஹீரோயின். நீ வரவேண்டியதுகூட இல்ல."

"சின்னய்யா யாரு?"

"லியாந்த்ரோதான். வேற யாரு?"

"அவனுக்கு நாப்பத்தேழு சார்."

"ஆம்பளைக்கு அது பக்குவம்." சுருட்டு கன்னம் மாறியது. "கேளு, இதுதான் விஷயம். கடைசி எபிசோடை நேரலையா பண்றோம். மழையில, படிக்கட்டுல, நாடே பாக்க இவ சாகப்போறா. நவம்பர் வந்தா ஜனங்க படையல் போடுவாங்க. இவ திரும்ப வருவா. அடுத்த வருஷமும் எடுப்போம். வருஷா வருஷம் கொல்லலாம் ஒத்தீலியா! வயசே ஆகாது! சாப்பாடு கேக்க மாட்டா, சண்டை போட மாட்டா, ஜலதோஷம்னு லீவு போட மாட்டா!"

ஒத்தீலியா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அதை அவர் சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டு, "உன்னையும் மறக்கல. ரோசவுராவோட செத்துப்போன அம்மா போட்டோ ஒண்ணு சுவத்துல தொங்கும். அது நீ. எல்லா எபிசோடுலயும் வருவே" என்றார்.

பிறகு ரோசவுராவின் காதில் இருந்த பட்டாணிக்குப் புது உயிர் கொடுத்து, சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன மைக்கை எடுத்து, "ரோசவுரா: சரிங்கய்யா" என்றார்.

"சரிங்கய்யா" என்றாள் ரோசவுரா.

ஊர் பேண்டு வாத்தியம் வைத்து அவளை வழியனுப்பியது. மேயர் பேசினார், பாதர் தீர்த்தம் தெளித்தார், ஃபவுஸ்தீனோ நம் ஊர்ப் பெண் நம் ஊர்ப் பெண் என்று ரொட்டிக்கு அவள் பேரை வைத்தார். இருபத்துச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் ஒத்தீலியா போனபோது வழியனுப்ப வந்தது ஒரு நாய். கார் கிளம்பும்போது ரோசவுரா கண்ணாடி வழியாக ஒத்தீலியாவைப் பார்த்தாள். தலை இடப்பக்கம் சாய்ந்திருந்தது, உதடு திறந்திருந்தது, ஏதோ சொல்ல இருந்து, எடுத்துக்கொடுப்பார் இல்லாமல் நின்றது. அந்தப் பார்வையைத்தான் ஒத்தீலியாவால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. போட்டோவாகத் தொங்குவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பெண்ணை மறுபடி மழையில் போட்டுச் சாகடிக்கப் போகிறார்கள். மறுபடி மறுபடி. ஒவ்வொரு தடவையும் அவள் அவனை மன்னிக்கப் போகிறாள், இந்த முகத்தை வைத்துக்கொண்டு, இந்தக் குரலை வைத்துக்கொண்டு.

கடைசி எபிசோடு நாளன்று அவள் ஸ்டூடியோவுக்குப் போனாள். வாசல் காவலாளி தடுத்தான்.

"நான் சுவத்துல தொங்குற போட்டோப்பா. ஃபிரேம் மாத்தணும்னாங்க."

உள்ளே விட்டான். போட்டோக்களை அவன் தடுத்ததில்லை.

தளத்தில் மாளிகையின் படிக்கட்டு நின்றது. மேலே மழை மெஷின். ரோசவுரா கடைசிப் படியில் கிடந்தாள், பழைய சீரியலில் கிடந்த அதே படியில், அதே கிழிந்த சால்வையோடு. ஒத்தீலியா ஒப்பனை அறைப் போனை எடுத்தாள். கன்னத்தில் சுருட்டை ஒதுக்கிக்கொண்ட எவெரார்தோவின் குரலில், "செலரீனோ, ஸ்கிரிப்ட் மாறியிருக்கு, கேண்டீனுக்கு வந்து வாங்கிட்டுப் போ. உடனே!" என்றாள். செலரீனோ மூக்கை உறிஞ்சிக்கொண்டு ஓடினார். அவள் கண்ணாடி அறைக்குள் புகுந்து, தாழ்ப்பாள் போட்டு, மைக் முன்னால் உட்கார்ந்தாள். பாவசங்கீர்த்தனக் கூண்டின் வாடை அங்கேயும் அடித்தது. சிவப்பு விளக்கு எரிந்தது. நாடு பார்க்கத் தொடங்கியது.

மழை கொட்டியது. லியாந்த்ரோ வழக்கம்போல் தாமதமாக ஓடிவந்து, வழக்கம்போல் மண்டியிட்டான்.

ஒத்தீலியா மூக்கை அடைத்துக்கொண்டாள். "லியாந்த்ரோ: ரோசவுரா, எனக்கு நாப்பத்தேழு வயசு."

"ரோசவுரா," லியாந்த்ரோ குரல் நடுங்க, கண் கலங்க, கேமராவுக்கு நல்ல பக்கத்தைக் காட்டிச் சொன்னான், "எனக்கு நாப்பத்தேழு வயசு."

அவன் திடுக்கிடவில்லை. இத்தனை வருஷத்தில் தான் சொல்வதை அவன் ஒரு நாளும் காதுகொடுத்துக் கேட்டதில்லை.

"லியாந்த்ரோ: உன்னை வெளிய நிறுத்தினது என் அம்மா இல்ல, நான்தான். கதவுக்குப் பின்னால சூப் குடிச்சிட்டு நின்னேன். தலையில அடிச்சிக்கோ."

சொன்னான். அடித்துக்கொண்டான். சாயம் மழையில் கரைந்து நெற்றி வழியாக இறங்கியது. பெரிய வீட்டம்மாளாக நடித்தவள் "ஆமா, அந்த சூப்புக்கு உப்புப் போட்டதுகூட ரோசவுராதான்" என்று மார்பில் கைவைத்துக் கதறினாள், அவளுக்கும் வந்த வசனம் அது. பாதிரியாராக நடித்தவர், "நான் எல்லாம் தெரிஞ்சே பூசை வச்சேன்" என்று கைவிரித்தார். சான் பர்த்தோலோவில் துண்டுகள் பாதி வழியில் நின்றன. பாதர் அனசேத்தோ தன் டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"ரோசவுரா: எழுந்திரு."

எழுந்தாள்.

"ரோசவுரா: சின்னய்யா, நான் உங்களை மன்னிக்க மாட்டேன்."

இங்கேதான் அவள் தலையைச் சாய்த்து நின்றுவிட்டாள். பதினாறு வருஷமாக வாய் பழகாத வார்த்தை. உதடு அதைச் சுற்றிச் சுற்றி வந்தது. ஒத்தீலியா மூக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டு, செலரீனோவின் குரலை விட்டுவிட்டு, மாவு மில் வரிசையில் நின்று கத்திய பெண்ணின் குரலில் சொன்னாள்: "ரோசவுரா, சொல்லுடி. எனக்காகச் சொல்லு."

"மன்னிக்க மாட்டேன்" என்றாள் ரோசவுரா.

அதற்குள் எவெரார்தோ கதவை உதைத்துக்கொண்டிருந்தார். "திறடி! விளம்பரம் போடுங்கடா! போட முடியாதா? நேரலைன்னு எந்த நாய் முடிவு பண்ணினது?" என்று அவர் கேட்ட நாய் அவரேதான். தாழ்ப்பாள் பெயர்ந்தது. ஒத்தீலியாவுக்கு ஒரு மூச்சு நேரம் இருந்தது. அந்த மூச்சில் சொன்னாள்:

"ரோசவுரா: காதுல இருக்கிறதைக் கழட்டு."

ரோசவுரா இடது காதுக்குள் விரலை விட்டுப் பட்டாணியை எடுத்துப் படியில் வைத்தாள். அதே நேரத்தில் சான் பர்த்தோலோவில், ஒத்தீலியாவின் வீட்டு டிவி முன்னால் வரிசையாக உட்கார்ந்திருந்த பூக்காரியும் மருமகளும் கன்னியாஸ்திரியும் மற்றவர்களும் தங்கள் காதுக்குள் விரலை விட்டார்கள். அவிந்துகிடந்த அவர்கள் பட்டாணிகளும் அந்தக் குரலுக்கு உயிர்பெற்றிருந்தன; ஒரே குரல்காரிகள், பேர் மாறினாலும் அந்தக் குரல் அவர்களுக்குப் புரிந்தது.

எவெரார்தோ ஒத்தீலியாவை நாற்காலியோடு தள்ளிவிட்டு மைக்கைப் பிடித்து, பேர் சொல்ல மறந்து, தொண்டை கிழியக் கத்தினார்: "அழு! அழுடி! கீழ விழு! செத்துப்போ!"

லியாந்த்ரோ அழுதான், விழுந்தான், செத்தான். பெரிய வீட்டம்மாள் அவன்மேல் விழுந்து செத்தாள். பாதிரியார், தோட்டக்காரர், குடை பிடிக்க வந்த டிரைவர், காதில் பட்டாணி வைத்திருந்த அத்தனை பேரும் மளமளவென்று மாளிகைப் படிகளில் சரிந்து, மிக அழகாக, பழகிய கையோடு செத்தார்கள். ரோசவுரா மட்டும் நின்றாள்.

மழை பெய்துகொண்டே இருந்தது. அவள் தலை இடப்பக்கம் சாயப் பார்த்து, அங்கே ஒன்றும் இல்லை என்று தெரிந்து, நிமிர்ந்தது. அவள் தன் கையைப் பார்த்தாள், கிழிந்த சால்வையைப் பார்த்தாள், அண்ணாந்து மழை மெஷினைப் பார்த்தாள். யாரும் எழுதாத, யாரும் எடுத்துக்கொடுக்காத முதல் வசனத்தை, கொஞ்சம் கரகரப்பாக, கேமராவைப் பார்த்துச் சொன்னாள்:

"இந்தத் தண்ணியை நிறுத்துங்க. குளிருது."

தரையில் கிடந்த ஒத்தீலியாவுக்கு உடம்பு தூக்கிப் போட்டது. அன்றைக்கும் குளிர்ந்தது. இருபத்திரண்டு வயதில், இதே படியில், பகல் முழுக்க, இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நனையவிட்டார்கள். பத்து நாள் காய்ச்சலில் கிடந்தாள். குளிருது என்று ஒருவரிடமும் சொல்லவில்லை. காதில் அது வரவில்லையே.

மழையை இயக்குகிறவன் மெஷினை நிறுத்தினான். ரோசவுராவின் கூந்தலும் சொட்டுவதை நிறுத்தியது.

ஒத்தீலியாவுக்கு எந்த டிவியிலும் இனி வேலை கிடையாது என்றார்கள். சுவரிலிருந்து அவள் போட்டோவைக்கூடக் கழற்றி, ஆணியையும் பிடுங்கினார்கள். இரண்டு பேரும் பஸ்ஸில் ஊர் வந்து சேர்ந்தார்கள், ரோசவுரா மழை மெஷின்காரன் கொடுத்த ஸ்வெட்டரில். பேண்டு வாத்தியம் வரவில்லை. ஊருக்குக் கோபம். "செத்திருந்தா நிம்மதியா அழுதிருப்போம்" என்றாள் ஃபவுஸ்தீனோவின் மனைவி. ரொட்டிக்குப் பழைய பேரே திரும்பி வந்திருந்தது. பக்கத்துவீட்டுக்காரி மட்டும் கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு மூட்டையோடு வந்தாள்.

"ரோசவுரா கண்ணு, நீ இல்லாம துணியெல்லாம் அப்படியே கிடக்கு."

"முடியாதுங்க" என்றாள் ரோசவுரா.

"என்னது?"

"முடியாதுங்க. நான் தூங்கப் போறேன்."

தூங்கினாள், மறுநாள் மதியம் வரை. கந்தெலாரியா நாளைக்குத் தருகிறேன் என்றவர்களின் வீட்டு வாசலில் போய், பூக்கூடையோடு, நாள் முழுக்க உட்கார்ந்தாள். கன்னியாஸ்திரி பியதாத் மேயரின் போர்வையை உரித்து, "உங்களுக்கு ஒண்ணும் இல்ல, எழுந்து நடங்க" என்றாள். பெர்பெத்துவா ஆண்டவரிடம் முறையிட்டாள்: ஒரு மகளையே சமாளிக்க முடியவில்லை, இப்போது ஏழெட்டு. அடுத்த நவம்பரில் சான் பர்த்தோலோவில் எந்தப் படையலிலும் சீரியல் பெண்களின் படம் இல்லை. வந்தால் பேசுவார்கள் என்ற பயம்.

கழற்றிய பட்டாணிகள் ஒத்தீலியாவின் சமையலறையில், மிளகாய் ஊறுகாய் ஜாடியில் கிடக்கின்றன. அவை இன்னும் சாகவில்லை. சாயங்காலம் சீரியல் நேரம் ஆனால் ஜாடிக்குள்ளிருந்து, வினிகரில் மூழ்கிய எவெரார்தோவின் குரல் வண்டு மாதிரி ரீங்கரிக்கும்: "அழு... இன்னும் அழு... இப்ப மன்னி..." மேஜையைச் சுற்றி ஒரே முகத்தோடு உட்கார்ந்திருக்கிறவர்கள் தட்டிலிருந்து நிமிர மாட்டார்கள். ஒத்தீலியா மட்டும், சுருட்டு இருக்கிற மாதிரி கன்னத்தை உப்பவைத்துக்கொண்டு, அச்சு அசல் அதே குரலில் ஜாடிக்குப் பதில் சொல்வாள்: "நீ முதல்ல அழுடா." ஜாடி ஒரு கணம் திகைக்கும், பிறகு, வேறு வழி தெரியாமல், உள்ளே மெல்ல விசும்பத் தொடங்கும். ரோசவுரா சிரிப்பாள். அவளுக்கு அந்தச் சிரிப்பு இன்னும் சரியாக வரவில்லை, நடுவில் தும்மல் மாதிரி உடைகிறது. ஆனால் அது ஒத்தீலியாவின் சிரிப்பு இல்லை, அவளுடையதுதான்.